சேசராசனுக்கு நான் கொடுக்காத வசனம்

வசனம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இதுதான் என் குற்றம்.

பள்ளிக்கூட ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒரு மனிதர் ஒற்றை வசனத்தை மறந்து என் பக்கம் திரும்பினார். அந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்றேன். வேறு எதற்கும் அல்ல! நான் கொடுக்கவில்லை. அன்று விழுந்தவர் பிறகு எழும்பவே இல்லை...

அவர் பாடமாக்காமல் மேடை ஏறினார் என்றுதான் கனடாவில், ஸ்காபரோவில் இன்றுவரை பேச்சு. அவருடைய மனைவி அப்படித்தான் நம்புகிறார். என்னுடைய மனைவியும் அப்படித்தான். நீங்கள்தான் முதன்முதலாக முழு உண்மையையும் கேட்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடி நின்றால் என் குரல் வயிற்றுக்குள் இறங்கிவிடும். கலியாண வீட்டில் பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கக்கூட எனக்குக் கூச்சம். ஆனால் ஒரு திரைக்குப் பின்னால் நின்றால் மட்டும் என் குரல் நடுங்காது. அதை முதலில் கண்டுபிடித்தவர் அன்று விழுந்த அதே மனிதர், நாயகம் அண்ணை.

ஊரில் அவர் நடிக்காத ராசா வேடம் இல்லை. உயரம், மீசை, மணி போன்ற குரல். ஒரேயொரு குறை, வசனம் முழுதாக மனதில் நிற்காது. "வசனத்தை நீ வைச்சிரு, சிவம். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பார். மறந்தால் இடக்கையால் வாளுறையைத் தட்டுவார். நான் மெல்ல எடுத்துக் கொடுப்பேன். அவர் அதை வாங்கி, அப்போதுதான் நெஞ்சிலிருந்து பிறந்ததுபோல முழங்குவார். கைதட்டல் அவருக்கு. எனக்கு அதில் குறை இருந்ததில்லை. உண்மையாகவே இருந்ததில்லை...

கனடாவுக்கு எனக்கு முன்னரே வந்துவிட்டார். முதலில் வாடகைக் கார், ரக்சி ஓடினார். பிறகு வீடு விற்கும் வேலை. நான் வந்து இறங்கியபோது ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எனக்கு அப்பாட்மென்ட் பார்த்துத் தந்ததும், ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

இங்கேயும் பழைய பழக்கம் தொடர்ந்தது. வாள் இல்லை, அவ்வளவுதான். கலியாண வீட்டில் யாராவது சிரித்துக்கொண்டு எதிரே வந்தால், அண்ணையின் இடக்கை இடுப்பைத் தட்டும். நான் பின்னால் நின்று, "தில்லையம்பலத்தாற்றை மருமகன், போன மாசம் வீடு பாத்தவர்" என்று காதோடு சொல்வேன். உடனே அவர் இரண்டு கையையும் விரித்து, "வாரும் மருமகன்! வீடு என்ன மாதிரி?" என்பார். சனம் மயங்கிப்போகும். இந்த மனிதர் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்!

அவருக்கு ஆசை பெரியது. முதலில் எங்கள் ஊர்ச்சங்கத்துக்குத் தலைவராக வேண்டும். பிறகு எல்லா ஊர்ச்சங்கங்களையும் ஒன்றாக்க வேண்டும். "நாளைக்குச் சிற்றி ஹோலிலை, நகரசபையிலை, எங்கடை ஆள் ஒருத்தன் இருக்கவேணும், சிவம். ஏன் அது நானாய் இருக்கக்கூடாது?" நான் தலையாட்டினேன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சேசாரேயின் கதையை அவருக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

உணவகத்தில் ஜீனோ என்று ஒரு கிழச் சமையல்காரர். அவருக்கும் அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அரைகுறை ஆங்கிலம். அதனால் எங்களுக்குள் கூச்சம் இருக்கவில்லை. சட்டிகள் ஊறும் நேரத்தில் தன் ஊர்ப்பக்கத்தை ஐந்நூறு வருடங்களுக்கு முன் பிடித்து ஆண்ட பிரபுவைப் பற்றிச் சொல்வார். சேசாரே போர்ஜியா. பாப்பரசருடைய மகன். ஒவ்வொரு நகரமாகப் பிடித்துக்கொண்டு போனானாம். எதிர்த்த தளபதிகளைச் சமாதானம் பேசுவோம் வாருங்கள் என்று அழைத்து, வந்த இடத்தில் கழுத்தை நெரித்துக் கொன்றானாம்.

"ஒருநாள் காலை எங்கள் பக்கத்து ஊர்ச் சதுக்கத்தில் என்ன கிடந்தது தெரியுமா?" என்று கேட்டார் ஜீனோ. ஒரு முழுப் பாண் ரொட்டியை எடுத்துப் பலகையில் வைத்தார். நடுவே வெட்டினார். இரண்டு துண்டையும் விலக்கி, கத்தியைப் பக்கத்தில் வைத்தார். "அவனுடைய ஆளுநர். ஊரை அடக்கச் சொல்லி அவனே அனுப்பியவன். அடக்கினான். சனம் வெறுத்தது. உடனே இவன் அவனை இப்படிச் செய்து காட்டினான். பாருங்கள், கெட்டவன் அவன்தான், நான் இல்லை!"

"சனம் என்ன சொன்னது?"

"சந்தோசப்பட்டது" என்றார் ஜீனோ. பாணை எடுத்து மேசைகளுக்கு அனுப்பக் கூடையில் அடுக்கினார்.

கடைசியில் அந்தப் பிரபு எப்படி விழுந்தான் என்றும் சொன்னார். தகப்பன் செத்த அதே நாட்களில் அவனும் படுத்த படுக்கை. பிறகு வந்த பாப்பரசர் ஒருவர் உன் பதவி உனக்கே என்று வாக்குக் கொடுத்தார். நம்பினான். பிடித்து அடைத்துவிட்டார்கள். தப்பி ஓடி, வேறொரு நாட்டில், யாரோ ஒருவருடைய சண்டையில், தன் ஆட்களை விட்டுவிட்டு முன்னால் குதிரையை விரட்டிக்கொண்டு தனியாகப் போய் அகப்பட்டு, முப்பத்தொரு வயதில் செத்தான்.

"இவ்வளவு தந்திரம் தெரிந்தவன் ஏன் ஒரு வாய்ச்சொல்லை நம்பினான்?" என்று கேட்டேன்.

ஜீனோ தோளைக் குலுக்கினார். "களைத்திருப்பான்."

அண்ணைக்குச் சொன்னபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "இது நாடகமடா! இதை ஆடினால் ஆடவேணும்!" பனி தொடங்குமுன் எழுதி முடித்துவிட்டார். பெயர் 'சேசராசன்'. "எங்கடை சனத்தின்ரை வாயிலை நுழையவேணுமெல்லே?" என்று சிரித்தார். சித்திரைக் கலைவிழாவில் மேடையேற்றுவது என்று முடிவு. முன்வரிசையில் வெள்ளைக்காரப் பிரமுகர்களை இருத்துவது என்றும் முடிவு. சங்கத் தலைவராக அன்று அவரே வரவேற்க வேண்டும்.

ஆனால் தலைவராக இருந்தவர் மாஸ்டர். ஊரில் எங்கள் எல்லோருக்கும் படிப்பித்தவர். நேர்மையான மனிதர், மெதுவான மனிதர். அவர் கதிரையில் இருக்கும்வரை அண்ணை வெறும் செயலாளர்தான்.

தை மாதம், பொதுக்கூட்டத்தன்று காலை, அண்ணை என் அப்பாட்மென்டுக்கு வந்தார். யன்னலடியில் நின்று வெளியே பார்த்தார். பஞ்சு பஞ்சாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மாஸ்டருக்கும் அவற்றை ஆக்களுக்கும் போன் எடு. ஸ்னோவாலை பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போட்டினம், கூட்டம் தள்ளிப்போட்டுது எண்டு சொல்லு."

"அண்ணை... அது பொய்யெல்லே?"

"ஸ்னோ பொய்யோ? வெளியிலை பார்." பிறகு என் தோளில் கைவைத்தார். "நான் எடுத்தால் ஆயிரம் கேள்வி கேப்பினம். நீ சொன்னால் ஆரும் சந்தேகப்பட மாட்டினம்."

தொலைபேசியும் ஒரு திரைதான். என் குரல் நடுங்கவில்லை. "நல்லது, அப்பு" என்றார் மாஸ்டர். "எனக்கும் உந்தக் குளிருக்கை வெளிக்கிட அலுப்பாத்தான் கிடந்தது. நீயும் கவனமா இரு. வழுக்கும்."

கவனமாக இருக்கச் சொன்னார்! எனக்கு!

கூட்டம் நடந்தது. அண்ணையின் ஆட்கள் மட்டும் வந்தார்கள். அண்ணை தலைவரானார்.

இப்படியான விடயம் எத்தனை நாளைக்கு மறைந்து கிடக்கும்? பங்குனியில் அடுத்த கூட்டத்தில் மாஸ்டரின் ஆட்கள் கொதித்துக்கொண்டு வந்தார்கள். "ஆர் போன் எடுத்தது? சிவம்! ஆர் எடுக்கச் சொன்னது?" என் மனைவி பெண்கள் பக்கத்தில் இருந்தாள். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நம்பினேன்.

அண்ணை எழுந்தார். முகத்தில் அத்தனை கவலை! நல்ல நடிகர் அல்லவா...

"எனக்குத் தெரியாமல் செய்துபோட்டான். என்னிலை இருக்கிற அன்பிலை செய்துபோட்டான். அதுக்காக நான் மூடி மறைக்க மாட்டன். எழும்படா சிவம். எல்லாருக்கும் முன்னாலை மாஸ்டரிட்டை மன்னிப்புக் கேள்."

நான் எழும்பினேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. தலையைக் குனிந்து கைகூப்பினேன். "விடுங்கோ, பாவம் அவன்" என்றார் மாஸ்டர். சனம் கைதட்டியது. எனக்கல்ல. தன்னுடைய ஆள் என்றும் பாராமல் நியாயம் செய்த தலைவருக்கு!

ஜீனோவின் பலகையில் கிடந்த பாண் அப்போது என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

திரும்பி வரும்போது காரில் அண்ணை உற்சாகமாக இருந்தார். "கோவிக்காதை. நான் விழுந்தால் எல்லாம் விழுந்துபோம். நீ திரைக்குப் பின்னாலை நிக்கிறவன்தானே? உனக்குக் கெடுகிறதுக்கு என்ன பேர் கிடக்கு?"

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. கணக்குப் போல, சாதாரணமாகச் சொன்னார். அதுதான்... அதுதான் நெஞ்சில் இறங்கியது. என் மனைவி அதன் பிறகு பல கிழமை கோயிலுக்கு வரவில்லை. கேட்டால் தலையிடி என்றாள்.

நாடகத்தை விட்டு விலகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விலகுவதற்கும் ஒரு வாய் வேண்டும். 'வரமாட்டேன்' என்று சொல்லத் தெரிந்தவனாக நான் இருந்தால், இந்தக் கதையே இல்லை.

கலைவிழா நாள் வந்தது. பள்ளிக்கூட ஹோலில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் கோட் போட்டு, கழுத்தில் ரை கட்டிய வெள்ளைக்காரர்கள். அண்ணை வெல்வெட் அங்கியில், வெள்ளிக் கடதாசி ஒட்டிய வாளோடு மேடையில் வந்து நின்றபோது ஹோல் அதிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அவரைப்போல ஒரு ராசா இனிப் பிறந்து வரவேண்டும்.

தளபதிகளை அழைத்துக் கொன்றார். கைதட்டல். ஆளுநரை வெட்டிச் சதுக்கத்தில் போட்டார். பெரிய கைதட்டல். அந்த உடலை றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் செய்து, முகம் கீறி, இரண்டு துண்டாக வைத்திருந்தோம். காட்சி முடிந்ததும் பெடியள் மேல்பாதியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்திரைக்குள் போட்டுவிட்டு ஓடினார்கள். அது என் காலில் சாய்ந்துகொண்டு நின்றது. தள்ளி வைக்க நேரமில்லை.

கடைசிக் காட்சி. சேசராசன் தனியாக முன்னேறி வந்துவிட்டான். மறுபக்கத் திரைக்குள் ஈட்டியோடு ஐந்தாறு பேர் காத்து நிற்கிறார்கள். அவன் கடைசி வசனத்தைச் சொன்ன பிறகுதான் அவர்கள் பாய்ந்து வந்து அவனைக் கொல்ல வேண்டும். வசனம் இதுதான்:

"நான் வெகுதூரம் முன்னே வந்துவிட்டேன். என் பின்னால் வந்தவன் எங்கே?"

அண்ணை முதல் பாதியைச் சொன்னார். "நான் வெகுதூரம் முன்னே வந்துவிட்டேன்..."

நின்றார்.

இடக்கை வாளுறையைத் தட்டியது.

என் கையில் பிரதி இருந்தது. சிறிய ரோர்ச் விளக்கு இருந்தது. இரண்டும் தேவையில்லை, எனக்கு முழு நாடகமும் மனப்பாடம். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். சொல்லத்தான் இழுத்தேன்... அப்படித்தான் நினைக்கிறேன்... ஆனால் சொல்லவில்லை.

கை மறுபடியும் தட்டியது. அண்ணை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது; நான் இருட்டில். என் முகம் அவருக்குத் தெரிந்ததா? இத்தனை வருடமாக நான் என்னையே கேட்கும் கேள்வி இது. என் காலில் அந்த அரை மனிதன் சாய்ந்துகொண்டு மேலே பார்த்தான்.

ஒரு கணம், ஒரேயொரு கணம் அவர் தவிக்கட்டும் என்று நினைத்தேன். பெயர் கெடுவது எப்படி இருக்கும் என்று அறியட்டும். அடுத்த கணம் கொடுத்துவிடலாம். அடுத்த கணம்...

"என்ன அண்ணை, வாளை விழுங்கிப்போட்டியளோ?" என்று பின்வரிசையில் யாரோ கத்தினான்.

ஒரு சிரிப்பு. பிறகு இன்னொன்று. "டேய், ஆராவது வந்து அந்த மனிசனைக் கொல்லுங்கோடா!" ஹோல் முழுதும் வெடித்தது. ஈட்டிக்காரர்கள் வருவதா விடுவதா என்று தெரியாமல் தலையை நீட்டினார்கள். அதற்கும் சிரிப்பு. முன்வரிசை வெள்ளைக்காரர்கள் இது நகைச்சுவைக் காட்சி என்று நினைத்துத் தாங்களும் சிரித்தார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் பொய். அந்த முதல் சிரிப்பு எனக்கு இனித்தது! தேன்போல இனித்தது. இரண்டாவது சிரிப்பில் பயம் வந்தது. அதன்பின் நான் சொல்லிப் பார்த்தேன். மெதுவாகவும் சொன்னேன், உரத்தும் சொன்னேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

சேசராசனைக் கடைசிவரை யாரும் கொல்லவில்லை.

அண்ணை நேரே என்னிடம்தான் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்! மீசையில் வியர்வை, கண்ணில் மை கரைந்து ஓடியது. என்னைப் பார்த்தார்.

"தொண்டை கட்டிப்போட்டுதோ, சிவம்?"

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். மற்றவர்கள் "சிவம் என்ன செய்தவன்? நித்திரையோ?" என்று பாய்ந்து வந்தபோது அவர் கையை நீட்டி மறித்தார். "அவனை விடுங்கோ. பிழை என்ரை. நான் வடிவாப் பாடமாக்கேல்லை."

பங்குனிக் கூட்டத்தில் என்னை இரண்டாக வெட்டிப் போட்ட அதே வாய்! அந்த வாய் ஏன் அன்று அப்படிச் சொன்னது? வெட்கமா? களைப்பா? அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டாரா? காரில் கொண்டுவந்து இறக்கும்போது சூட்டுக்காற்றை என் பக்கம் திருப்பிவிட்டார். "தொண்டைக்குப் படட்டும்" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. கடைகளில், கலியாண வீடுகளில் அவருக்குப் 'பேசாராசன்' என்று பட்டம். பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு ஓடினார்கள். மாஸ்டரின் ஆட்கள் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு சங்கத்தைத் திருப்பி எடுத்தார்கள். சிற்றி ஹோல் கதையை யாரும் அதன்பின் எடுக்கவில்லை. சிரிப்புக்கு ஆளான மனிதரிடம் யார் வீடு வாங்குவார்கள்? அந்த வேலையும் போனது. தூரத்திலிருந்த பிறம்ரன் நகருக்குக் குடிபெயர்ந்து, ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றினார். ராசா வேடம் கட்டிய தோள்...

நான் போய்ப் பார்க்கவில்லை. மூன்று பஸ் மாற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டில் அவருடைய மனைவி செல்வி அக்கா போன் எடுத்தார். அண்ணைக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "சொல் உள்ளுக்கை இருக்கு, வெளியிலை வருகுதில்லை. ஒருக்கா வாருமன் சிவம். உம்மைக் கண்டால் ஏதும் சொல்லுவார்."

போனேன். சாய்கதிரையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தார். என்னைக் கண்டதும் பாதி முகம் சிரித்தது. "அ... அ..." என்று எதையோ தேடினார். கிடைக்கவில்லை. அப்போது...

அவருடைய இடக்கை எழுந்து இடுப்பைத் தட்டியது.

"தண்ணியோ அண்ணை?" என்றேன். தலையாட்டினார். ஓம் என்று. "த... தண்ணி" என்று அவரும் சொன்னார். செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "பாருமன்! நீர் சொல்லிக் குடுத்தால் வருகுது!"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனேன். அவர் இடுப்பைத் தட்டுவார், நான் எடுத்துக் கொடுப்பேன். யன்னல். தேத்தண்ணி. மகள். மழை. சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். ஆனால் இருந்தது. இதோடு கழிந்துவிடும் என்று நினைத்தேன்...

ஒரு ஞாயிறு பின்னேரம் அக்கா கடைக்குப் போயிருந்தார். அண்ணை இடுப்பைத் தட்டினார். "தண்ணியோ?" இல்லை. "போர்வையோ?" இல்லை. "ரீவியைப் போடவோ?" இல்லை. கை தட்டிக்கொண்டே இருந்தது. கண் என்னை விட்டு எடுபடவில்லை. அவர் என்ன கேட்டாரோ, எனக்குத் தெரியாது. ஒரு தலையணையாகவும் இருந்திருக்கலாம். என்னால் தாங்க முடியவில்லை.

"என் பின்னால் வந்தவன் எங்கே?" என்றேன்.

கை நின்றது.

"எனக்குத் தெரியும், அண்ணை. அண்டைக்கும் தெரியும். தொண்டை கட்டேல்லை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கண்ணீர் இல்லை. பிறகு இடக்கையை இடுப்பிலிருந்து எடுத்து, செத்த வலக்கையின்மேல் வைத்து, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்படியானால் அந்த நாள் வரை அவருக்குத் தெரியாது! இத்தனை காலமும் என் தொண்டையை நம்பியிருக்கிறார். மற்றவர்களுக்கு முன்னால் என்னை மறைத்தது தந்திரம் இல்லை. அல்லது... முன்பே தெரிந்தும், நான் சொல்லாமல் இருக்கவேண்டும் என்று விரும்பினாரா? எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டாலும் அவருக்குச் சொல் வராது.

நான் இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். அக்கா தேத்தண்ணி தருகிறார். "இப்ப கொஞ்ச நாளா இவர் உம்மட்டை ஒண்டும் கேக்கிறாரில்லை, என்னெண்டு தெரியேல்லை" என்கிறார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அண்ணை இடுப்பைத் தட்டுவதில்லை. ஒரு சொல் வேண்டுமென்றால் தனியாகவே தேடுகிறார். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, "அ... அ..." என்று கஷ்டப்படுகிறார். எனக்கு அந்தச் சொல் தெரிகிறது. பக்கத்தில்தான் இருக்கிறேன், கை எட்டும் தூரத்தில்.

அவர் என் பக்கம் திரும்புவதில்லை.